ஆட்டிசமும் பெற்றோரும்: உளவியல் ஆய்வாளர் எரிக் ஷாப்ளரின் வாழ்வும் பணியும்

தம் குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாக அறியும் பெற்றோர் பலருக்கு, சிகிச்சையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ஓர் ஐயம் எழுகிறது. தாம் வளர்த்த முறையில் ஏதேனும் பிழை நேர்ந்துவிட்டதோ என்பதே அது. கர்ப்ப காலத்தில் மனம் வருந்தியதாலா, வேலைக்குச் சென்றதாலா, கைப்பேசியைக் கையில் கொடுத்ததாலா என்று தாய் தன்னைத் தானே வினவிக்கொள்கிறாள். வீட்டுப் பெரியவர்களும் சில வேளைகளில் அவளையே வினவுகின்றனர். புறநோயாளர் பிரிவில் இதனை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆட்டிசம் வளர்ப்புப் பிழையால் வருவதன்று. மருத்துவ உலகம் இன்று ஐயமின்றி ஏற்றுள்ள இவ்வுண்மையை, அறுபது ஆண்டுகளுக்கு முன் நிபுணர்கள் பலரே ஏற்கவில்லை. அந்நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் எரிக் ஷாப்ளர் முக்கியமானவர்.

ஷாப்ளர் 1927ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி அக்குடும்பம் 1938இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்த அவர், சமூகப்பணியில் பட்டம் பெற்றுக் குடும்ப ஆலோசகராகப் பணிபுரிந்தார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்கான மருத்துவ உளவியலில் 1964இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்துச் சிகாகோவைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது அவசியம். ஆட்டிசத்தை 1943இல் பதினொரு குழந்தைகளைக் கொண்டு முதலில் விரிவாக விவரித்தவர்களுள் ஒருவர் பால்டிமோரைச் சேர்ந்த லியோ கேனர். அது பிறவியிலேயே அமைந்தது என்று முதலில் எழுதிய அவரே, சில ஆண்டுகளில் பெற்றோரின் அன்பற்ற தன்மையைச் சுட்டி, அவர்களைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார். அந்த ஒப்புமை பரவி, தாய்மார் மீது பழியாகப் படிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் உறைவிடப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பதே வழி என்று கருதினார். அவரும் நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டு வந்தவர். ஒரே கொடுமையிலிருந்து தப்பிய இருவர், ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, பெற்றோரைப் பற்றி நேர் எதிரான முடிவுகளுக்கு வந்தது வியப்புக்குரியது.

1964இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஷாப்ளர் சேர்ந்தார். அங்கும் உளப்பகுப்பாய்வு முறையே நடைமுறையில் இருந்தது. குழந்தைகள் தம் விருப்பம்போல் எதையும் செய்ய விடப்பட்டனர். பெற்றோர் வேறோர் அறையில் அமர்ந்து தம் மனக்குறைகளை ஆராயுமாறு பணிக்கப்பட்டனர். இதனால் குழந்தைகளின் நிலை மேம்படவில்லை என்பதை ஷாப்ளரும் மனநல மருத்துவர் ராபர்ட் ரைக்லரும் கண்டனர். இருவரும் 1966இல் கூட்டரசின் நிதியுதவியுடன் தனியே ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினர். அதில் அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. பயிற்சியாளர் குழந்தையுடன் பணிபுரிவதை, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடியின் பின்னிருந்து பெற்றோர் கண்டனர். அதையே வீட்டில் செய்து பார்த்தனர். பிறகு அவர்கள் செய்து காட்ட, பயிற்சியாளர் கண்டார். இவ்வாறு பெற்றோர் இணைச் சிகிச்சையாளர் ஆயினர்.

இதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? பெற்றோர் தம் குழந்தையைச் சரியாக அறியார் என்பதே அன்றைய பொதுக் கருத்து. அதனை ஷாப்ளரும் ரைக்லரும் சோதித்தனர். மொழி, உடலியக்கம், தற்பராமரிப்பு போன்ற ஒவ்வொன்றிலும் தம் குழந்தை எந்த வயதின் நிலையில் உள்ளது என்று பெற்றோரை மதிப்பிடச் சொல்லி, முறையான சோதனை முடிவுகளுடன் ஒப்பிட்டனர். பெற்றோரின் மதிப்பீடுகள் பெருமளவு பொருந்தியே இருந்தன. 1972இல் வெளியான இவ்வாய்வை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் குழந்தை எதைக் கண்டு அஞ்சுகிறது, எந்த உணவை மறுக்கிறது, எப்போது அமைதி அடைகிறது என்று நீங்கள் கூறுவது, மருத்துவர் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய தகவல்.

அவருடைய மற்றொரு பங்களிப்பு, ஒழுங்கமைத்த கற்பித்தல். நேரத்தையும் செயலையும் முன்கூட்டியே வகுத்த பயிற்சியையும், குழந்தையின் போக்கிற்கே விட்ட பயிற்சியையும் மாறி மாறி அளித்துப் பார்த்ததில், முன்னதில் குழந்தைகள் கூடுதலாகக் கவனம் செலுத்தினர். வளர்ச்சியில் மிகவும் பின்தங்கியிருந்த குழந்தைகளுக்கு இவ்வொழுங்கு கூடுதலாகத் தேவைப்பட்டது. காரணம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குப் பேச்சைக் கேட்டுப் பொருள் கொள்வது கடினம். கண்ணால் காண்பது எளிது. பேச்சு சொன்னவுடன் மறைந்துவிடும். படமோ பொருளோ கண்முன் நிற்கும். என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், முடிந்தபின் என்ன என்ற நான்கும் குழந்தைக்குக் கண்ணால் தெரிய வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை.

இதனை வீட்டில் செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. பல் துலக்குதல், குளியல், உணவு, விளையாட்டு ஆகியவற்றின் படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டலாம். படம் புரியாத குழந்தைக்குக் குவளை, சீப்பு, பந்து போன்ற பொருள்களையே அடுக்கி வைக்கலாம். ஒரு செயல் முடிந்ததும் அந்தப் படத்தை எடுத்து, முடிந்தவற்றுக்கான கூடையில் குழந்தையே போடட்டும். இடம் மாறும்போது ஏற்படும் அழுகை பலருக்கு இதனால் குறையும். எல்லாருக்கும் குறையும் என்று கூற இயலாது.

கூட்டரசின் நிதி முடியும் காலம் வந்தபோது திட்டத்தைக் காத்தவர்கள் பெற்றோரே. அவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களை நேரில் சந்தித்து எடுத்துரைத்தனர். அதன் பயனாக 1972இல் வட கரோலினா மாநிலம் இதனைச் சட்டத்தின் வழியே அரசுத் திட்டமாக்கியது. டீச் என்று அழைக்கப்படும் அத்திட்டம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இன்றும் செயல்படுகிறது. ஒரு குழுவின் ஆய்வு அரசின் கடமையாக மாறுவது அரிது. பழி சுமத்தப்பட்டவர்களே அதனைச் செய்து முடித்தனர் என்பதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

1974இல் ஆட்டிசத்துக்கான முதன்மை ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பைக் கேனரிடமிருந்து ஏற்ற ஷாப்ளர், 1997 வரை அதில் இருந்தார். ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கு இடையே பெற்றோர் எழுதுவதற்கென்று ஒரு பகுதியையும் அவ்விதழில் ஏற்படுத்தினார். கேனரும் அதற்கு முன்பே, 1969இல், பெற்றோர் கூட்டம் ஒன்றில் அவர்களைப் பழியிலிருந்து வெளிப்படையாக விடுவித்திருந்தார். 1977இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து தோன்றிய 11 இணைகளுள் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து தோன்றிய 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபணுக்களின் பங்கு அதன்பின் தெளிவாயிற்று.

உங்கள் குழந்தையின் மதிப்பீட்டு அறிக்கையில் கார்ஸ் என்ற சொல்லைக் கண்டிருக்கக்கூடும். அது ஷாப்ளர் குழுவினர் 1980இல் வெளியிட்ட அளவுகோல். 15 கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் அளித்து, மொத்தம் 15 முதல் 60 வரை கணக்கிடப்படும். 30 அல்லது அதற்கு மேல் ஆட்டிசத்தைக் குறிக்கும். அம்மதிப்பெண் குழந்தையின் அறிவையோ எதிர்காலத்தையோ அளப்பதன்று.

இணைச் சிகிச்சையாளர் என்ற பொறுப்பு பெற்றோருக்குப் புதிய சுமையாகவும் மாறலாம். பகலில் வேலை, மாலையில் பயிற்சி, இரவில் உறக்கமின்மை என்று ஆண்டுக்கணக்கில் வாழ்வது எளிதன்று. இதனை ஷாப்ளர் உணர்ந்திருந்தார். கேரி மெசிபோவுடன் இணைந்து 1984இல் அவர் பதிப்பித்த நூல் முழுவதும், ஆட்டிசம் குடும்பத்தின் மீது ஏற்படுத்தும் விளைவுகளைப் பற்றியது. உடன்பிறந்தோரின் நிலையும் பெற்றோரின் மன அழுத்தமும் அதில் ஆராயப்பட்டன. ஆகவே உங்கள் உறக்கமின்மை, அழுகை, கணவன் மனைவிக்கிடையே எழும் பிணக்கு ஆகியவற்றையும் குழந்தைக்கான மருத்துவ ஆலோசனையின்போதே கூறுங்கள். வாரத்தில் சில மணி நேரமாவது குழந்தையை வேறொருவர் கவனிக்க ஏற்பாடு செய்துகொள்வது சிகிச்சைத் திட்டத்தின் பகுதியே.

ஷாப்ளரின் முறை ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதன்று. அவரும் அவ்வாறு உறுதி கூறவில்லை. பின்வந்த ஆய்வுகளில் அதன் பயன் மிதமானதாகவே காணப்பட்டது. முழுமையாகக் குணமாக்குவதாக விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்பவர்களிடம் நீங்கள் எச்சரிக்கையாக இருங்கள்.

டீச் திட்டம் காலப்போக்கில் பெரியவர்களுக்கான வேலைவாய்ப்பு உதவியையும், பண்ணைச் சூழலில் அமைந்த குடியிருப்பு ஒன்றையும் ஏற்படுத்தியது. ஷாப்ளர் வட கரோலினாவின் மெபேன் என்னும் ஊரில் உள்ள தம் இல்லத்தில், புற்றுநோயால் 2006 ஜூலையில், 79ஆம் வயதில் காலமானார்.