ஓரியூர் மறைசாட்சி புனித அருளானந்தர்

துறைமுகத்தை அண்டி வாழும் இராயபுரத்தாராகிய நமக்கு, கப்பலேறிப் போனவர் திரும்புவாரோ என்ற ஏக்கம் புதிதன்று. சாவு காத்திருக்கும் மண்ணுக்கே கப்பலேறித் திரும்பி வந்தவர் அருளானந்தர்.

1647-ல் லிஸ்பனில் பிறந்த இவர் இளவரசர் பேதுருவின் தோழராக அரண்மனையில் வளர்ந்தார். நோயுற்றபோது தாயார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, பிழைத்த மகனுக்கு ஓராண்டு சேசு சபை அங்கியை உடுத்தினார். பின்னர் அச்சபையிலேயே குருவாகி, 1673-ல் கோவா வந்து, மதுரை மிசியோனில் பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். காவியுடை, மரக்கறி உணவு, கால்நடைப் பயணம். பண்டாரசுவாமியானால் எல்லாச் சாதியாரிடமும் பழகலாமல்லவா!

1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். இனி அங்கே போதிக்கலாகாது என்று கட்டளையிட்டுச் சேதுபதி விடுவித்தார். சபை அலுவலாகப் போர்த்துக்கல் சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் தம்மோடு தங்கும்படி வற்புறுத்தினார். அருளானந்தர் இணங்கவில்லை, 1690-ல் இந்தியா திரும்பி, மறுபடியும் மறவ நாட்டிற்கே சென்றார்.

தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கவேண்டும் என்றார். விலக்கப்பட்ட கடலாயி சேதுபதியின் உறவினர்; அவரிடம் முறையிட்டார். அப்பெண்ணின் வேதனையை எண்ணும்போது அவரைக் கொடியவராகச் சித்திரிக்க நமக்கு மனமில்லை.

1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டார். 1947 ஜூன் 22-ல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் சிந்திய இரத்தத்தாலேயே ஓரியூர் மணல் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. இந்துக்களும் அம்மண்ணை நெற்றியிலிட்டு, ஒரு பிடி முடிந்து வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர்.