விலங்குடைத்தவர் சேர்த்த ஏடுகள்

மேடைக் கலைகளுள் மாயவித்தைக்கு ஒரு தனித் துயர் உண்டு. கவிஞன் மறைந்தாலும் அவன் பாட்டு ஏட்டில் நிற்கும். சிற்பி மறைந்தாலும் அவன் செதுக்கிய கல் நிற்கும். மாயவித்தைக்காரனின் அருஞ்செயலோ திரை விழும்போதே முடிந்துவிடுகிறது. செய்முறையை வெளியிட்டால் வித்தை உயிரிழக்கும்; வெளியிடாது காத்தால் வித்தகனின் பெயர் இரண்டொரு தலைமுறைக்குள் மறக்கப்படும். இந்த இருதலைக் கொள்ளியின் நடுவே நின்று, மறைந்த தம் முன்னோரின் நினைவைத் தாள்களில் தேடிச் சேர்த்தவர் ஹாரி ஹூடினி. கைவிலங்குகளையும் சங்கிலிகளையும் உதறி எழுந்தவர் என்றே உலகம் அவரை அறியும். பழைய விளம்பரத் தாள்களையும் கடிதங்களையும் நூல்களையும் நாடி ஊர் ஊராக அலைந்த ஹூடினியை அறிந்தோர் சிலரே. அவர் வாழ்வின் உட்பொருள் அந்தத் தேடலிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

பிறப்பும் பெயரும்

1874 மார்ச் 24ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த குழந்தைக்கு எரிக் வைஸ் என்பது பெயர். தந்தை மேயர் சாமுவேல் வைஸ் யூத சமயகுரு, தாய் செசிலியா. 1878இல் குடும்பம் அமெரிக்கா சென்று விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் சிற்றூரில் குடியேறிற்று. சில ஆண்டுகளில் தந்தை தம் பதவியை இழக்க, வறுமை வாயிலில் வந்து நின்றது. மில்வாக்கி, பின்னர் நியூயார்க் எனக் குடும்பம் இடம்பெயர்ந்தது. நாளிதழ் விற்றும், காலணிக்கு மெருகிட்டும், கழுத்துப்பட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டியும் அச்சிறுவன் வளர்ந்தான்.

அக்காலத்தே அவன் கைக்கு ஒரு நூல் கிட்டியது. பிரெஞ்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞராக இருந்து மாயவித்தையின் பெருங்கலைஞராக உயர்ந்த இராபர்ட் ஹூடினின் (1805-1871) தன்வரலாறு அது. அந்நூல் அவனை ஆட்கொண்டது. ஹூடின் என்னும் பெயரின் ஈற்றில் இகரம் சேர்த்தால் அவரைப் போன்றவர் என்று பொருள்படும் எனத் தோழர் ஒருவர் கூறியதை நம்பி, எரிக் வைஸ் ஹூடினி ஆனார். பிரெஞ்சு மொழியில் அத்தகைய இலக்கணம் இல்லை. ஆயினும் பிழையான அவ்விகுதியே உலகப் புகழ் பெற்றது.

ஏற்றம்

1894இல் பெஸ் என்னும் பாட்டுக் கலைஞரை மணந்த ஹூடினி, மனைவியுடன் சிற்றரங்குகளிலும் சந்தைக் கொட்டகைகளிலும் ஐந்தாண்டுகள் உழன்றார். 1899இல் அரங்க உரிமையாளர் மார்ட்டின் பெக்கின் கண்ணில் பட்டபின் வாழ்வு திரும்பியது. 1900இல் இலண்டன் அல்ஹம்ப்ரா அரங்கம் அவரை வரவேற்றது. சென்ற நகர்தோறும் காவல்துறையினரின் விலங்குகளையே கேட்டு வாங்கிப் பூட்டச் செய்து விடுபட்டுக் காட்டினார். 1904 மார்ச்சில் இலண்டன் ஹிப்போடிரோம் அரங்கில், பர்மிங்காம் கொல்லர் ஒருவர் அரிதின் முயன்று செய்த விலங்கை ஒரு மணி நேரத்திற்கு மேல் போராடிக் கழற்றினார். 1912இல் பெர்லினில், கால்கள் பூட்டப்பட்டு நீர் நிறைந்த பெட்டிக்குள் தலைகீழாக இறங்கி மீளும் வித்தையை அரங்கேற்றினார்.

தேடல்

இப்புகழ்ப் பயணங்களின் இடைவெளிகளில் மற்றொரு பயணமும் நடந்தது. ஹூடினி எந்நகருக்குச் சென்றாலும் அங்கே அடக்கமான பழைய வித்தகர்களின் கல்லறைகளைத் தேடினார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் போஸ்கோ என்னும் இத்தாலியக் கலைஞரின் கல்லறை கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கிப் பின்னர் அமெரிக்க மாயவித்தையாளர் சங்கத்திற்கு உரிமையாக்கினார்.

அந்நகருக்கு அருகே ஃபிரிக்கல் என்னும் முதியவர் ஒதுங்கி வாழ்ந்தார். பெருங்கருவிகளை நீக்கி வெறுங்கையோடு வித்தை காட்டிய முன்னோடி அவர். பழையவற்றைக் கிளற விரும்பாத அவர், முதலில் ஹூடினிக்கு வாயிற்கதவைத் திறக்கவே இல்லை. பின்னர் மனம் இளகி, 1903 அக்டோபரில் வருமாறு அழைத்தார். குறித்த வேளையில் ஹூடினி சென்றபோது ஃபிரிக்கல் உயிரோடு இல்லை. சில மணி நேரத்திற்கு முன்னரே இதயம் நின்றிருந்தது. விருந்தினருக்குக் காட்டுவதற்கென எடுத்துப் பரப்பிய படங்களும் நினைவுப் பொருள்களும் உடலைச் சுற்றிக் கிடந்தன. சேர்ப்பவனுக்கும் காலத்திற்கும் இடையே நிகழும் ஓட்டப்பந்தயம் எத்தகையது என்பதை அன்று அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

மறு ஆண்டு இலண்டனில் அப்பந்தயத்தில் அவர் முந்தினார். எவானியன் என்னும் முதிய வித்தைக்காரர், வறுமையிலும் பல்லாயிரம் விளம்பரத் தாள்களைக் காத்து வந்தவர். அவற்றுள் பெருந்தொகுதி ஒன்றை 1895இலேயே பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு விற்றிருந்தார். எஞ்சியவற்றுள் சிலவற்றைக் கையில் ஏந்தி விடுதிக்கு வந்து, நோயுற்றிருந்த ஹூடினிக்காக நெடுநேரம் காத்திருந்தார். அவற்றைக் கண்ட ஹூடினி உடல்நலம் தேறுமுன்பே அவர்தம் நிலவறைக் குடியிருப்பைத் தேடிச் சென்று, நள்ளிரவு கடந்தும் எழ மனமின்றித் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எவானியன் 1905இல் மறைந்தார். அவர் ஆயுள் முழுதும் காத்த செல்வத்தின் அரும்பகுதி ஹூடினியின் நியூயார்க் இல்லம் சேர்ந்தது.

ஏடுகள் தந்த தீர்ப்பு

இவ்வளவும் தம் வழிபாட்டிற்குரிய இராபர்ட் ஹூடினின் பெருமையை நிலைநாட்டவே தொடங்கப்பட்டன. ஏடுகளோ வேறு கதை கூறின. மேடையில் பூத்துக் காய்க்கும் ஆரஞ்சு மரம், கண்கட்டியவர் பொருள்களைப் பெயர் சொல்லி உரைக்கும் வித்தை முதலியன ஆசானின் சொந்தப் படைப்புகள் என நம்பியிருந்தார் ஹூடினி. அவர் பிறக்கும் முன்னரே பிறர் அவற்றை நிகழ்த்தியதற்குப் பழைய விளம்பரங்கள் சான்று பகர்ந்தன. புளுவா நகரில் ஆசானின் கல்லறைக்கு மலர்வளையம் சாத்தச் சென்றபோது அவர் மருமகள் சந்திக்க இசையாமற் போன மனக்குறையும் இருந்தது. 1906 முதல் தம் மாத இதழில் எழுதி வந்தவற்றைத் திரட்டி, 1908இல் இராபர்ட் ஹூடினின் முகத்திரையைக் கிழிக்கும் நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் சான்றுகள் அரியவை. தீர்ப்போ கடுமை மிக்கது. பழைய வித்தையைப் புதுமெருகேற்றி மேடையின் நாகரிகத்தையே மாற்றியமைத்த ஒருவரின் பெருமையை அது காண மறுத்தது. மரபிலிருந்து பெறாத கலைஞன் எவன்? இக்கேள்வியை ஹூடினி தம்மை நோக்கியும் கேட்டிருக்கலாம். அவரே தாம் ஆப்பிள்டனில் பிறந்ததாகத்தான் வாழ்நாள் முழுதும் கூறி வந்தார். பிற்காலத்தார் புடாபெஸ்ட் பிறப்பு ஆவணத்தைக் கண்டபோது அக்கூற்றும் உதிர்ந்தது. பிறர்மீது அவர் பிடித்த விளக்கின் ஒளி அவர்மீதும் விழுந்தது. எனினும் ஆசான் பெயரை அவர் துறக்கவே இல்லை.

தாயின் மடல்கள்

1913இல் ஹூடினி ஐரோப்பாவில் இருந்தபோது தாய் செசிலியா காலமானார். அப்பிரிவினின்றும் அவர் மீளவே இல்லை. ஆவிகளோடு பேசுவோரை நாடினார். எங்கும் வித்தைக்காரனின் கைத்திறமையையே கண்டார். 1922இல் அட்லாண்டிக் சிட்டியில், எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயிலின் மனைவி, ஆவியின் உந்துதலால் எனக் கூறிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. முகப்பில் சிலுவைக் குறி இருந்தது. யூதப் பெண்மணியான தாய்க்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது. அன்னையின் உண்மையான மடல்களைப் போற்றிக் காத்த மகனை அப்பக்கங்கள் ஆற்றவில்லை, நட்பே முறிந்தது. அதன்பின் போலி ஆவியுரையாளரைத் தோலுரிப்பதைப் பணியாகக் கொண்டு, 1924இல் ஒரு நூலும் எழுதினார். அதற்கெனத் திரட்டிய ஆவியுலக நூல்கள் அவர்தம் நூலகத்தின் பெரும்பகுதி ஆயின.

1926 அக்டோபரில் மாண்ட்ரியல் நகரில் மாணவர் ஒருவர் அவர் வயிற்றில் குத்தினார். வலியைப் பொருட்படுத்தாது மேடையேறிய ஹூடினி, குடல்வால் வெடித்து நஞ்சு பரவியதால் அக்டோபர் 31ஆம் நாள் டெட்ராய்ட் மருத்துவமனையில் உயிர்நீத்தார். தாயின் மடல்களைத் தலையணையாக வைத்து அவரை அடக்கம் செய்தனர்.

எஞ்சியது

அவர் எழுதிவைத்த உயில் சிந்தனைக்குரியது. மாயவித்தை, ஆவியுலகம் பற்றிய நூல்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்கு அளித்தார். 1927இல் 3,988 தொகுதிகள் அங்குச் சேர்ந்தன. நாடகத் தொகுப்பு கைமாறிப் பின்னாளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை அடைந்தது. வித்தைக் கருவிகளைத் தம்பி ஹார்டீனுக்கு அளித்து, தம்பியின் காலத்திற்குப்பின் அவற்றை எரித்து அழிக்குமாறு பணித்தார். ஏடு வாழ்தல் வேண்டும். மறைபொருள் மாய்தல் வேண்டும் என்பதே அவர் உள்ளக்கிடக்கை.

தம்பி அவற்றை எரிக்கவில்லை. சிட்னி ராட்னர் என்னும் சேகரிப்பாளர் கைக்குப் பல பொருள்கள் சென்றன. நயாகரா அருவிக்கு அருகில் அமைந்த காட்சியகத்தில் இருந்த நீர்ப்பெட்டியை 1995ஆம் ஆண்டுத் தீ பெரிதும் சிதைத்தது. சீர்செய்யப்பட்ட அப்பெட்டி 2004இல் லாஸ் வேகாஸ் நகரில் ஏலம் போயிற்று. அழியவேண்டும் என அவர் எண்ணியது தீக்கும் தப்பி விலைபொருளாயிற்று. நிலைக்கவேண்டும் என எண்ணியது நூலகத்தில் கற்போர்க்கெல்லாம் திறந்து கிடக்கிறது.

ஓர் இரவு நிகழ்ச்சிக்காக அச்சிட்டு மறுநாள் எறியப்படும் தாளையே ஹூடினி செல்வமாகக் கொண்டார். அத்தகைய தாள்தான் அவர் ஆசானின் புகழை எடைபோட்டது. அவர் பிறப்பின் மெய்யையும் உரைத்தது. கவியரங்க அழைப்பிதழ்களையும், கையெழுத்துப்படிகளையும், நண்பர்களின் மடல்களையும் பெட்டியில் காப்போர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளலாம். காக்கப்படும் ஏடு காப்பவரைப் புகழ்வதோடு நில்லாது. வேண்டும்பொழுது அவர்க்கு எதிராகவும் சான்று சொல்லும். அதை அறிந்தும் காப்பதே மெய்யான தமிழ்ப்பணி, கலைப்பணி எல்லாம்.