பிளாண்டி ஹாஸ்லர்

ஹெர்பர்ட் ஜார்ஜ் ஹாஸ்லர் (பெப்ரவரி 27, 1914 – மே 5, 1987) பிரித்தானியாவின் ராயல் மரீன் படை அதிகாரியும், பாய்மரப் படகோட்டியும், கண்டுபிடிப்பாளரும் ஆவார். பிளாண்டி ஹாஸ்லர் என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் போர்தோ துறைமுகத்தின் மீது நடத்தப்பட்ட துடுப்புப் படகுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர். தனியொருவர் பாய்மரப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் போட்டியை 1960 ஆம் ஆண்டு தொடங்கி வைத்தவரும் இவரே. கடலில் தானாக விரும்பி இடரை ஏற்றுக்கொண்டவருக்குப் பிறரிடம் மீட்பைக் கோரும் உரிமை இல்லை என்பது இவருடைய கொள்கை. தனிநபர் கடற்பயணங்களின் மீட்புச் செலவை யார் ஏற்பது என்னும் விவாதத்தில் இக்கொள்கை இன்றும் பேசப்படுகிறது.

இளமை

ஹாஸ்லர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை பிரித்தானிய இராணுவ மருத்துவப் பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றியவர். முதலாம் உலகப் போரில், 1917 மே 4 அன்று டிரான்சில்வேனியா என்ற துருப்புக் கப்பல் நீர்மூழ்கிக் குண்டால் தாக்கப்பட்டு மூழ்கியபோது அவர் கடலில் இறந்தார். அப்போது ஹாஸ்லருக்கு வயது மூன்று.

ஹாஸ்லர் வெலிங்டன் கல்லூரியில் கல்வி பயின்றார். பன்னிரண்டாவது வயதிலேயே கித்தான் துணியால் இருவர் அமரக்கூடிய சிறு படகு ஒன்றைத் தாமே செய்தார். 1932 ஆம் ஆண்டு ராயல் மரீன் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இவருடைய பொன்னிற மீசையின் காரணமாகவே பிளாண்டி என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

போர்க்காலம்

1940 ஆம் ஆண்டு நார்வேயின் நார்விக் பகுதியில் நடந்த போரில் பிரெஞ்சுப் படைகளைக் கரையிறக்கும் பணியில் ஹாஸ்லர் ஈடுபட்டார். இப்பணிக்காகப் பிரித்தானிய, பிரெஞ்சு அரசுகளின் விருதுகளைப் பெற்றார். 1942 சூலையில், சிறு படகுகளைக் கொண்டு எதிரியின் துறைமுகங்களைத் தாக்குவதற்கான சிறப்புப் பிரிவு ஒன்று இவருடைய தலைமையில் உருவாக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பர் 7 இரவில், இப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் ஐந்து துடுப்புப் படகுகளில் டூனா என்னும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பிரான்சின் மேற்குக் கரையோரம் இறக்கப்பட்டனர். ஆறாவது படகு சேதமடைந்ததால் அது இறக்கப்படவில்லை. ஜிரோந்து கழிமுகத்தின் வழியே ஏறத்தாழ 100 கி.மீ. உள்ளே சென்று, போர்தோவில் நிற்கும் கப்பல்களில் காந்தக் கண்ணிவெடிகளைப் பொருத்துவதே திட்டம். இரவில் துடுப்புப் போட்டும், பகலில் கரையில் மறைந்திருந்தும் முன்னேறினர். பிராங்க்டன் நடவடிக்கை என இது அழைக்கப்பட்டது.

முதல் இரவிலேயே கழிமுகத்தின் கொந்தளிப்பான நீரோட்டத்தில் ஒரு படகு பிரிந்து போனது. பின்னர் மற்றொரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்த இருவரையும் படகில் ஏற்ற இடமில்லை. மற்றப் படகுகளைப் பிடித்துக்கொண்டு நீரில் மிதந்தவாறே அவர்கள் கரையை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டனர். ஆனால் கரையை அடையும்வரை இழுத்தால் விடியுமுன் மறைவிடம் சேர முடியாது என்ற நிலை ஏற்பட்டது. இயன்ற அளவு கரைக்கு அருகில் கொண்டுவந்து, அங்கிருந்து நீந்திச் செல்லுமாறு கூறி அவர்களை விட்டுச் செல்லும் முடிவை ஹாஸ்லர் எடுக்க வேண்டியிருந்தது. குளிர்காலக் கடலில் இருவரும் உயிரிழந்தனர்.

டிசம்பர் 11 நள்ளிரவையொட்டி, எஞ்சிய இரண்டு படகுகளில் இருந்த நால்வர் பல கப்பல்களில் வெடிகளைப் பொருத்தினர். வெடிகள் வெடித்துக் கப்பல்கள் சேதமடைந்தன. பத்துப் பேரில் அறுவர் பிடிபட்டு, ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொல்லப்பட்டனர். உயிருடன் நாடு திரும்பியோர் ஹாஸ்லரும் அவருடைய படகுத் துணைவர் பில் ஸ்பார்க்சும் மட்டுமே. இருவரும் ஏறத்தாழ 160 கி.மீ. நடந்து ருப்பெக் என்னும் ஊரை அடைந்தனர். அங்கிருந்து பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தினரின் உதவியால் பைரனீசு மலையைக் கடந்து ஸ்பெயின் சென்றனர். உதவி செய்தவர்கள் பிடிபட்டிருந்தால் அவர்களுக்குச் சிறையோ சாவோ உறுதி. ஹாஸ்லர் 1943 ஏப்ரலில் பிரித்தானியா வந்து சேர்ந்தார்.

இந்நடவடிக்கையைத் தழுவி 1955 ஆம் ஆண்டு ஒரு திரைப்படம் வெளியானது.

சிறுபடகு ஆய்வுகள்

ஹாஸ்லர் 1948 ஆம் ஆண்டு படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பின்னர், ஒருவரால் மட்டும் பெரும் உடலுழைப்பு இன்றி ஒரு படகைக் கடலில் செலுத்த முடியுமா என்ற கேள்வியில் அவருடைய கவனம் சென்றது. இதற்காக 1953 ஆம் ஆண்டு ஜெஸ்டர் என்னும் படகைக் கட்டுவித்தார். இதன் நீளம் 25 அடி (ஏறத்தாழ 7.6 மீட்டர்). இதில் இயந்திரம் இல்லை.

சில சோதனைகளுக்குப் பின், ஜங்க் எனப்படும் சீனக் கப்பல்களில் உள்ளதைப் போன்ற பாயை ஜெஸ்டரில் பொருத்தினார். இப்பாயில் குறுக்கே பல சட்டங்கள் இருக்கும். கயிற்றைத் தளர்த்தினால் பாய் மடிப்பு மடிப்பாகத் தானே கீழிறங்கும். எனவே புயலில் பாயைச் சுருக்க மேல்தளத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. படகின் நடுவில் உள்ள வட்டமான திறப்பில் நின்றவாறே எல்லாக் கயிறுகளையும் இயக்கலாம். தனியாகச் செல்பவர் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்தால் படகைத் திருப்பிக் கொண்டுவர யாரும் இல்லை என்பதால், இது வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று, உயிர்காப்பு ஏற்பாடும் ஆகும்.

இவருடைய மற்றொரு பங்களிப்பு காற்றுத்தகட்டால் இயங்கும் தானியங்கிச் சுக்கான் கருவி. படகு தன் திசையிலிருந்து விலகும்போது, அதன் பின்புறத்தில் உள்ள தகட்டின் மீது காற்று வேறு கோணத்தில் படும். தகட்டின் அசைவு நீரில் தொங்கும் ஓர் அலகைத் திருப்பும். ஓடும் நீரின் விசை அந்த அலகை ஊசல் போலப் பக்கவாட்டில் தள்ளும். அந்த விசை கயிறுகளின் வழியே சுக்கானைத் திருப்பிப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவரும். மின்சாரம் தேவையில்லை. ஹாஸ்லர் செம்மைப்படுத்திய இந்த ஊசல் முறை பின்னாளைய பல கருவிகளுக்கு அடிப்படையாக அமைந்தது. தனியாகச் செல்பவர் உறங்கவும், சமைக்கவும், பழுது பார்க்கவும் இதனால் நேரம் கிடைத்தது.

1960 அட்லாண்டிக் போட்டி

1950களின் பிற்பகுதியில், தனியொருவர் செலுத்தும் படகுகளுக்கான அட்லாண்டிக் போட்டி ஒன்றை ஹாஸ்லர் முன்மொழிந்தார். தனிநபர் பயணத்திற்கு ஏற்ற படகுகளையும் கருவிகளையும் செயல்முறைகளையும் வளர்ப்பதே இதன் நோக்கம். இறப்பு நேர்ந்தால் பழி தம்மைச் சேரும் என்று அஞ்சிப் பலர் ஆதரவளிக்கத் தயங்கினர். ஆதரவாளர் எவரும் கிடைக்காவிட்டால் ஆளுக்கு அரைக் கிரவுன் நாணயம் பந்தயம் வைத்துத் தாமிருவருமே போட்டியிடலாம் என்று பிரான்சிஸ் சிசெஸ்டர் கூறியதாக அறியப்படுகிறது. இறுதியில் தி அப்சர்வர் ஞாயிறு இதழின் ஆதரவும், பிளிமத் நகரின் ராயல் வெஸ்டர்ன் படகுக் கழகத்தின் ஒத்துழைப்பும் கிடைத்தன.

போட்டி 1960 சூன் 11 அன்று பிளிமத்தில் தொடங்கியது. ஹாஸ்லர், சிசெஸ்டர், மருத்துவர் டேவிட் லூயிஸ், வால் ஹவல்ஸ், பிரான்சைச் சேர்ந்த ழான் லாக்கோம் ஆகிய ஐவர் பங்கேற்றனர். சிசெஸ்டர் 40 நாட்களில் நியூயார்க் சென்று முதலிடம் பெற்றார். ஹாஸ்லர் 48 நாட்களில் இரண்டாவதாக வந்தார். லூயிசின் படகில் தொடக்கத்திலேயே பாய்மரம் முறிந்தது. அவர் பிளிமத் திரும்பிப் பழுது பார்த்து மீண்டும் புறப்பட்டார். ஐவரும் உயிருடன் கரை சேர்ந்தனர்.

1964 ஆம் ஆண்டு நடந்த இரண்டாவது போட்டியில் ஹாஸ்லர் ஏறத்தாழ 38 நாட்களில் கடந்து ஐந்தாவது இடம் பெற்றார். பிரான்சின் எரிக் தபார்லி வெற்றி பெற்றார்.

மீட்பு குறித்த கொள்கை

பயணத்தை ஒருவர் தம் விருப்பத்தால் மேற்கொள்கிறார். அவரைத் தேடிச் செல்லும் விமானிகளும் மாலுமிகளும் அவ்வாறு விரும்பி வந்தவர்கள் அல்லர். எனவே தனியாகச் செல்பவர், தமக்காகப் பிறர் உயிரையும் பொருளையும் பணயம் வைக்கும்படி கேட்பதைவிட அமைதியாக மூழ்குவதே தகும் என்பது ஹாஸ்லரின் கருத்தாகும். இதனைச் சற்றுக் கடுமையான நகைச்சுவையுடன் அவர் கூறுவது வழக்கம். இப்போட்டியின் விதிகளிலும் இக்கொள்கை இடம்பெற்றது. படகுகள் முழுமையாகத் தற்சார்பு உடையனவாக இருக்க வேண்டும், கடலிலேயே பழுது பார்க்கும் திறன் வேண்டும், தமக்காக மீட்பு நடவடிக்கை தொடங்கப்படும் என எதிர்பார்க்கவோ கோரவோ படகோட்டிகளுக்கு உரிமை இல்லை என விதிகள் கூறின.

இவ்விதி படகோட்டியின் பக்கத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது என்பது குறிப்பிடத்தக்கது. மீட்பவர் வரக்கூடாது என்று அது கூறவில்லை, கூறவும் இயலாது. கடலில் ஆபத்தில் இருப்போருக்கு உதவுவது கப்பல் தலைவர்களின் கடமை எனப் பன்னாட்டுச் சட்டம் நெடுங்காலமாக விதித்துள்ளது.

இவ்வேறுபாடு விரைவிலேயே வெளிப்பட்டது. 1968 ஆம் ஆண்டுப் போட்டியில் பிரான்சின் ஜோன் டி காட் என்பவருடைய மூவுடல் படகு நடுக்கடலில் உடைந்தது. விமானங்கள் அவரைத் தேடின. இறுதியில் வணிகக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. 1976 ஆம் ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று 72 மீட்டர் நீளமுடையது. அவ்வாண்டு இரண்டு படகோட்டிகள் உயிரிழந்தனர்.

மீட்புச் செலவு பற்றிய விவாதம்

ஹாஸ்லர் போட்டியைத் தொடங்கிய காலத்தில், நடுக்கடலில் மூழ்கும் சிறு படகின் நிலை பெரும்பாலும் எவருக்கும் தெரியவராது. கொஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு 1982 ஆம் ஆண்டு முதன்முதலாக உயிர்களைக் காத்தபின் இந்நிலை மாறியது. அபாய அறிவிப்புக் கருவியின் சமிக்ஞை கிடைத்துவிட்டால் மீட்பு நிலையங்கள் அதைப் புறக்கணிக்க முடியாது. 1979 ஆம் ஆண்டின் ஆம்பர்க் உடன்படிக்கையின்படி, ஆபத்தில் உள்ளவரின் நாடு, தகுதி, அவர் அந்நிலைக்கு ஆளான சூழல் ஆகியவற்றைக் கருதாமல் உதவி அளிக்கப்பட வேண்டும்.

செலவு பொதுவாகப் பின்வருமாறு பகிரப்படுகிறது.

- தேடல் விமானங்கள், கடற்படைக் கப்பல்கள் ஆகியவற்றின் செலவை அவற்றை அனுப்பும் நாடு, அதாவது அந்நாட்டின் வரி செலுத்துவோர் ஏற்கின்றனர்.
- திசை மாறிச் சென்ற வணிகக் கப்பலின் எரிபொருளும் நேரமும் கப்பல் உரிமையாளரையோ அவருடைய காப்பீட்டையோ சாரும்.
- 1989 ஆம் ஆண்டின் கடல் மீட்பு உடன்படிக்கையின்படி, உயிர் காக்கப்பட்டவரிடம் அதற்கான ஊதியம் கோர இயலாது. காப்பாற்றப்பட்ட கப்பலுக்கும் சரக்குக்கும் மட்டுமே கோரலாம்.
- பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகு நிறுவனம் 1824 முதல் பெருமளவு நன்கொடைகளால் இயங்குகிறது. அது உயிர் மீட்புக்குக் கட்டணம் பெறுவதில்லை.

1997 சனவரியில் தென்பெருங்கடலில் கவிழ்ந்த படகினுள் நான்கு நாட்கள் உயிருடன் இருந்த டோனி புல்லிமோரை ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் மீட்டது. பெர்த் நகரிலிருந்து 2000 கி.மீ.க்கும் அப்பால் நடந்த இம்மீட்பின் பெருஞ்செலவு ஆஸ்திரேலியாவில் விவாதத்தைக் கிளப்பியது. அரசு இதனைப் பன்னாட்டுக் கடமையாகக் கருதியது. அவரிடம் செலவு பெறப்படவில்லை. 2018 செப்டம்பரில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தென் இந்தியப் பெருங்கடலில் காயமடைந்தபோது, இந்திய, ஆஸ்திரேலிய விமானங்கள் அவருடைய படகைக் கண்காணித்தன. பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் அவரை மீட்டது.

மீட்கப்பட்டவரிடம் கட்டணம் பெற வேண்டும் என்போர், இடரை விரும்பி ஏற்றவரின் சுமையைப் பொதுமக்கள் சுமப்பது நியாயமன்று என்கின்றனர். கட்டணத்துக்கு அஞ்சி உதவி கேட்பதைத் தாமதிப்பவர்களால் தேடல் மேலும் கடினமாகும் என்பது மாற்றுக் கருத்து. அமெரிக்காவில் உண்மையான ஆபத்துக்குக் கடலோரக் காவல்படை கட்டணம் பெறுவதில்லை. ஆனால் வேண்டுமென்றே பொய்யான அபாய அழைப்பு விடுப்பவர் செலவை ஏற்க நேரிடும். தெளிவாகவே பாதுகாப்பற்ற பயணத்தைப் புறப்படும் முன் தடுக்கவும் அப்படைக்கு அதிகாரம் உண்டு. ஹாஸ்லரின் வழி இவற்றுக்கு மாறானது. செலவை மீட்புக்குப் பின் வசூலிப்பதைவிட, மீட்பே தேவைப்படாத படகை முன்கூட்டியே உருவாக்குவதில் அவர் நம்பிக்கை வைத்தார். அவர் தனியாக ஜெஸ்டரில் மேற்கொண்ட இரு போட்டிப் பயணங்களும் மீட்புதவி இன்றி நிறைவுற்றன.

பிற்காலமும் மறைவும்

1962 ஆம் ஆண்டு ஹாஸ்லர் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில், அங்கு வாழ்வதாகக் கூறப்பட்ட விலங்கைத் தேடும் முயற்சி ஒன்றை நடத்தினார். 1966 ஆம் ஆண்டு இருவர் செலுத்தும் படகுகள் பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் சுற்றிவரும் போட்டியைத் தொடங்கினார். இறுதிக் காலத்தை மேற்கு ஸ்காட்லாந்தில் கழித்தார். 1987 மே 5 அன்று காலமானார். சீனப் பாய் அமைப்பு பற்றி ஜாக் மெக்லியாடுடன் இணைந்து எழுதிய நூல் 1988 ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஜெஸ்டர்

1964 போட்டிக்குப் பின் ஜெஸ்டரை மைக்கேல் ரிச்சி என்னும் கடல்வழி வல்லுநர் வாங்கினார். 1986 ஆம் ஆண்டு அட்லாண்டிக்கில் இப்படகு அலையால் புரட்டப்பட்டபோது, வாழைப்பழம் ஏற்றிவந்த கப்பல் ஒன்று படகையும் ரிச்சியையும் தூக்கி எடுத்துக்கொண்டது. 1988 போட்டியில் படகு மீண்டும் விபத்துக்குள்ளானது. ரிச்சியைச் சரக்குக் கப்பல் ஒன்று மீட்டது. ஜெஸ்டர் கடலில் இழக்கப்பட்டது. பின்னர் அதே வடிவில் புதிய படகு ஒன்று கட்டப்பட்டது.

2006 ஆம் ஆண்டு ஜெஸ்டர் சேலஞ்ச் என்னும் பெயரில், சிறு படகுகளில் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கும் நிகழ்வு தொடங்கப்பட்டது. இதில் கட்டாய விதிகளோ நுழைவுக் கட்டணமோ பரிசோ இல்லை. படகின் தகுதிக்கும் தம் உயிருக்கும் பயணியே பொறுப்பு என்னும் ஹாஸ்லரின் கொள்கையே இந்நிகழ்வின் அடிப்படையாகும்.