மொழி கற்றுத் தூது சென்ற ஆசிரியர்

திருக்கோணமலையில் வாழும் நமக்குத் துறைமுகம் அன்றாடக் காட்சி. பிற நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் வருவதையும் போவதையும் சிறு பராயம் முதலே கண்டு வருகின்றோம். ஆயினும் அக்கப்பல்களுக்குப் பின்னே நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள் உண்டென்பதையும், அவ்வொப்பந்தங்களுக்குப் பின்னே சொல்லை நிறுத்துப் பேசும் மனிதர் உளர் என்பதையும் நாம் எண்ணுவதில்லை.

நம்முள் மொழியைப் பாடமாகக் கொண்டு பட்டப்படிப்புப் படிப்போர் சிலர் இருக்கின்றோம். இதைப் படித்து என்ன உத்தியோகம் பார்க்கப் போகின்றாய் என்று வீட்டுப் பெரியோர் கேட்கின்றனர். அக்கேள்வியில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. அதற்கு விடையாக ஒரு பெரியாரின் சரித்திரத்தை இம்மலரில் தர விழைகின்றோம். அவரே மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

சாஸ்திரியார் 1869 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானிற் பிறந்தார். தந்தையார் வறிய வைதிக பண்டிதர். வீட்டிலே செல்வம் இல்லை, கல்வி இருந்தது. ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கற்றுப் பட்டம் பெற்ற அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1894 இல் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஒரு சொல்லின் உச்சரிப்பிலும் பொருளிலும் சிறு பிழையையும் பொறாத ஆசிரியர் என்று பெயர் பெற்றார்.

1907 இல் கோகலே அவர்களின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். எளிய வாழ்வையும் நாட்டுப் பணியையும் விரதமாகக் கொண்ட சங்கம் அது. 1915 இற் கோகலே மறைந்தபின் அதன் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது. அக்காலத்தில் இந்தியாவுக்கெனச் சுதந்திரமான வெளிநாட்டுச் சேவை இருந்ததில்லை. தூதுவராவதற்கு எழுதவேண்டிய பரீட்சையும் இல்லை. பேச்சில் அவருக்கிருந்த நிதானமும் தெளிவுமே அவரை உலக அரங்குக்கு இட்டுச் சென்றன.

1921 ஆம் ஆண்டு அவர் வாழ்விற் பெருந்திருப்பம். இலண்டனில் நடந்த ஏகாதிபத்திய மாநாட்டில், பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளிற் குடியேறி வாழும் இந்தியருக்குக் குடியுரிமை வேண்டுமென வாதாடினார். அக்கொள்கையை மாநாடு ஏற்றது. தென்னாபிரிக்கா மட்டும் உடன்படவில்லை. அதே ஆண்டில் ஜெனீவாவிற் சர்வதேச சங்கத்திலும், பின்னர் வாஷிங்டனிற் கடற்படை மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். வல்லரசுகளின் பெரும் போர்க்கப்பல்களுக்கு எல்லை வகுத்த 1922 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பிற் கையொப்பமிட்டவர் இந்தப் பள்ளி ஆசிரியரே. பிரித்தானியக் கடற்படைத் தளமாக 1957 வரை விளங்கிய துறைமுகத்தின் கரையில் வாழும் நமக்கு இச்செய்தி தனிச் சுவை தருவதன்றோ!

அவ்வாண்டிலேயே அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஆங்காங்கு வாழ்ந்த இந்தியருக்காகப் பேசினார். அவுஸ்திரேலியா 1925 இல் அவர்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆனால் கென்யாவின் விஷயத்தில் 1923 இல் அவருக்குக் கிட்டியது தோல்வியே. மேட்டு நிலங்கள் ஐரோப்பியருக்கே என்று இலண்டன் அரசாங்கம் தீர்மானித்தது. பிரித்தானியரின் நியாய உணர்ச்சியில் நம்பிக்கை வைத்திருந்த அவர் உள்ளம் அன்று மிகவும் புண்பட்டது. எனினும் தூது என்னும் பணியை அவர் கைவிடவில்லை.

1927 இற் கேப் டவுன் உடன்படிக்கை ஏற்பட்டபின், காந்தியடிகளின் வேண்டுகோளுக்கு இணங்கித் தென்னாபிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜண்டாகச் சென்றார். 1860 முதல் நேற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுட் பெருந்தொகையினர் தமிழர். அவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி எட்டாதிருந்தது. சாஸ்திரியார் வெள்ளையரிடம் நியாயம் பேசியதோடு நில்லாது, நம்மவரிடம் பொருள் திரட்டினார். அதன் பயனாக டேர்பனில் எழுந்த கல்லூரி 1929 இல் திறக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கியது. சொல் கல்லாகிக் கட்டிடமாகி நின்றது.

அவர் வாழ்வில் நாம் மறைக்கலாகாத ஒரு பகுதியும் உண்டு. 1936 ஆம் ஆண்டின் இறுதியில், தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். குறைத்த கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்தவேண்டும் என்று அவர் அறிக்கை கூறியது. ஆயினும் தொழிலாளர் அங்கு செல்வதைத் தடுக்கவேண்டும் என்று அது கூறவில்லை. தொழிலாளரின் துன்பத்தை அவர் முழுமையாக எடுத்துரைக்கவில்லை என்று மலாயா இந்தியர் பலர் மனம் வருந்தினர். 1938 இல் இந்திய அரசாங்கமே அக்குடிபெயர்வைத் தடை செய்தது. இரு தரப்பையும் இணைக்க விரும்பும் தூதுவருக்கு நேரக்கூடிய ஆபத்து இது. விருந்து மேசையிற் கேட்கும் குரல், தோட்டத்து லயத்திற் கேட்கவேண்டிய குரலை மறைத்துவிடக் கூடும்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தைப் பற்றிக் காந்தியடிகளோடு அவர் கொண்ட கருத்து வேற்றுமை பெரிது. ஆயினும் இருவரது நட்பு இறுதிவரை குறையவில்லை. 1944 இல் மயிலாப்பூரில் வால்மீகி இராமாயணம் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். இளமையிற் கற்ற இரு மொழிகளும் முதுமையிலே ஒரு மேடையில் ஒன்று கூடின. 1946 ஏப்பிரல் 17 ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இராமபிரானின் தூதனாய்க் கடல் கடந்த அனுமனை நம் வீடுகளில் வணங்குகின்றோம். ஆகவே மொழி கற்றவன் தூது செல்வது நமக்குப் புதிதன்று. ஆனால் சாஸ்திரியாரின் வாழ்வு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. பட்டம் வாயிலைத் திறக்கும். அவ்வாயிலுக்குள் நாம் யாருக்காகப் பேசுகின்றோம் என்பதே நம் தகுதியை அளக்கும்.

பெரியோரே, மொழி படிக்கும் பிள்ளைகளை வாழ்த்துங்கள். இளைஞர்காள், ஆட்சியாளரின் மொழியை அவர் வியக்கக் கற்போம். ஏழையின் மொழியை அவன் நம்பக் கற்போம். இரண்டும் கற்றவர் நம் துறைமுகத்திலிருந்தும் ஒரு நாள் தூது செல்வர்.