ஃபிளாஸ்க்கைத் தந்தவர், காசு பார்க்காதவர்

நம்ம ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால், பின்னாடியே ஒரு ஒயர் கூடை போகும். கூடைக்குள் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். காபியோ கஞ்சியோ வெந்நீரோ, காலையில் ஊற்றியது மதியம் வரை சூடாக இருக்கும். அந்த ஃபிளாஸ்க்கை உருவாக்கியவருக்குச் சூடான பொருள் எதையும் பாதுகாக்கும் எண்ணமே இல்லை என்றால் நம்புவீர்களா? அவருக்குத் தேவைப்பட்டது குளிர். அதுவும் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் குளிர். அவர் பெயர் சர் ஜேம்ஸ் டியூவர். லேபில் திரவ நைட்ரஜன் வைக்கும் பாத்திரத்தை டியூவர் என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்.

1842 செப்டம்பர் 20 அன்று ஸ்காட்லாந்தில் கின்கார்டின் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. பத்து வயது இருக்கும்போது, உறைந்து கிடந்த நீர்நிலையின் மேல் விளையாடப் போனார். பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தாலும் வாதக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. சுமார் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. அதுவரை ஆசையாகப் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்த பையனுக்கு விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சும்மா உட்காராமல், ஊர்த் தச்சரிடம் போய் வயலின் செய்யக் கற்றுக்கொண்டார். மரத்தைச் செதுக்கிச் செதுக்கியே விரல்களுக்குப் பலம் வந்தது. பின்னாளில் கண்ணாடியிலும் உலோகத்திலும் யாரும் செய்யாத கருவிகளைச் செய்த கைகளுக்கு அங்கேதான் பயிற்சி. அப்போது அவர் செய்த ஒரு வயலினை, அவருடைய திருமணப் பொன்விழாவில் எடுத்து வாசித்தார்களாம்.

பதினைந்து வயதில் பெற்றோரை இழந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே உதவியாளராக வேலை பார்த்தார். 1875-ல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதவி. 1877-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னொரு பேராசிரியர் பதவி. இரண்டையும் கடைசி வரை விடவில்லை. ஆனால் மனசு முழுக்க லண்டனில்தான். ஃபாரடே வேலை பார்த்த இடம் அல்லவா!

அந்தக் காலத்து இயற்பியலில் ஒரு பெரிய பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற வாயுக்களைத் திரவமாக்க முடியுமா என்பதுதான் போட்டி. 1877-ல் ஃபிரான்ஸில் கயேத்தேவும் ஸ்விட்சர்லாந்தில் பிக்தேவும் ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் மூடுபனி மாதிரி பார்த்தார்கள். 1883-ல் போலந்தின் கிராக்கோவ் நகரில் இரண்டு விஞ்ஞானிகள் அதை அசல் திரவமாகவே பிடித்தார்கள். டியூவருக்குச் சொட்டுக் கணக்கு போதவில்லை. செம்பு செம்பாக வேண்டும் என்று பெரிய இயந்திரங்களை வைத்துத் திரவ ஆக்சிஜனை உற்பத்தி செய்தார்.

சரி, செய்தாயிற்று. எதில் வைப்பது? அங்கேதான் சிக்கல். மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவத்துக்கு நம்முடைய ஐஸ்கட்டியே அடுப்பு மாதிரி. சாதாரணக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றினால் கண்ணெதிரே கொதித்து ஆவியாகிவிடும். வெளிப்பக்கம் உறைபனி படிந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

1892-ல் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்களும் தைரியமாகப் படிக்கலாம், அவ்வளவு எளிமை. வெப்பம் உள்ளே வர மூன்று வழிகள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டால் முதல் இரண்டு வழிகளும் ஏறக்குறைய அடைபட்டுவிடும். மிச்சம் கதிர்வீச்சு. வெற்றிடம் உண்டாக்க அவர் பாதரச ஆவியைப் பயன்படுத்தியபோது, பாதரசம் சுவரில் படிந்து கண்ணாடி போல மின்னியது. அப்படி மின்னும்போது வெப்பம் இன்னும் குறைவாக உள்ளே வருவதைக் கவனித்தார். உடனே சுவர்களுக்கு வெள்ளிப் பூச்சு. மூன்றாவது வழியும் பெருமளவு அடைபட்டது. இரண்டு பாத்திரங்களும் ஒட்டும் கழுத்துப் பகுதி மட்டும்தான் பெரிய ஓட்டை. அதனால்தான் இன்றைக்கும் இந்தப் பாத்திரங்களுக்குக் கழுத்து குறுகலாக இருக்கிறது.

பிறகு இன்னொரு நல்ல வேலையும் செய்தார். கொட்டாங்குச்சிக் கரியை நன்றாகக் குளிரவைத்தால் அது வாயுவை அபாரமாக உறிஞ்சும் என்று கண்டுபிடித்து, அதைக் கொண்டே உயர்தர வெற்றிடத்தை உண்டாக்கினார். சுவருக்குள் கொஞ்சம் கரியை வைத்துவிட்டால், நாள்பட உள்ளே கசியும் வாயுவை அதுவே விழுங்கிக்கொள்ளும். உடையும் கண்ணாடிக்குப் பதிலாக உலோகத்திலும் இப்படிப் பாத்திரம் செய்ய இது வழிவிட்டது. நாம் தேங்காய் துருவிவிட்டுத் தூக்கிப்போடும் கொட்டாங்குச்சிக்கு இப்படி ஒரு வாழ்வு!

இந்தப் பாத்திரம் இருந்த தைரியத்தில்தான் 1898 மே 10 அன்று ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி. கிடைத்தது 20 மில்லி. அடுத்த வருஷமே அதைத் திடப்பொருளாகவும் உறையவைத்தார். இதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. அவருடைய உதவியாளர்கள் லென்னாக்ஸ், ஹீத் இருவருமே லேப் வெடிப்புகளில் ஆளுக்கு ஒரு கண்ணை இழந்தவர்கள்.

மனிதர் பழகுவதற்குக் கொஞ்சம் கஷ்டமானவர். கோபம் ஜாஸ்தி. சக விஞ்ஞானிகளோடு சண்டை, உதவியாளர்களிடம் கடுமை. கடைசியாக மிச்சமிருந்த வாயு ஹீலியம். அதைப் பற்றி அப்போது அதிகம் தெரிந்தவர் அதே லண்டனில் இருந்த வில்லியம் ராம்சே. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. சேர்ந்து வேலை பார்த்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். 1908 ஜூலை 10 அன்று ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கிவிட்டார். ராம்சேவுக்கு 1904-லும் ஓனஸுக்கு 1913-லும் நோபல் பரிசு கிடைத்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் டியூவருக்குக் கிடைக்கவே இல்லை.

இனி காசு விஷயத்துக்கு வருவோம். டியூவருக்குக் காப்புரிமை என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. 1889-ல் ஃபிரெடரிக் ஏபலோடு சேர்ந்து கார்டைட் என்ற வெடிமருந்துக்குக் காப்புரிமை வாங்கியவர்தான். அது தன்னுடைய கண்டுபிடிப்பின் சாயல் என்று ஆல்ஃபிரட் நோபலின் கம்பெனி வழக்குப் போட்டது. நோபலின் காப்புரிமையில் கரையக்கூடிய வகை நைட்ரோசெல்லுலோஸ் என்று எழுதியிருந்தது. கார்டைட்டில் இருந்தது கரையாத வகை. அந்த ஒரு வார்த்தையில் 1895-ல் நோபல் தரப்பு கடைசி முறையீட்டிலும் தோற்றது.

இவ்வளவு பார்த்தவர், வெற்றிடப் பாத்திரத்துக்கு மட்டும் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் கண்ணாடிக் கருவிகள் செய்யும் ரைன்ஹோல்ட் பர்கர், இதே பாத்திரத்தை உலோக உறைக்குள் வைத்தால் வீட்டிலும் பயன்படும் என்று யோசித்தார். 1903-ல் காப்புரிமை, 1904-ல் தெர்மோஸ் என்ற பெயரோடு கம்பெனி. டியூவர் கோர்ட்டுக்குப் போனார். கண்டுபிடித்தவர் அவர்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கையில் காப்புரிமை இல்லையே! தோற்றார். உலகம் முழுக்க விற்ற ஃபிளாஸ்க்கில் அவருக்கு ஒரு பென்னிகூட வரவில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் கண்காட்சியில் வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள் பாஸ்.

முதல் உலகப்போர் வந்ததும் ஆராய்ச்சிக்குப் பணமும் ஆளும் குறைந்தது. வயதான டியூவர், செலவில்லாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டார்: சோப்புக் குமிழி. அதை மாதக்கணக்கில் உடையாமல் வைத்து அதன் படலத்தை ஆராய்ந்தார். 1923 மார்ச் 27 அன்று லண்டனில் காலமானார். வயது 80.

அவர் மறைவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1922 ஜனவரியில், கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல்முறையாக இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். அதுவரை டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. இன்சுலின் வந்ததும் அவர்கள் பிழைத்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், பயணமும் போனார்கள். கூடவே மருந்தையும் எடுத்துப் போக வேண்டியிருந்தது. இன்சுலின் ஒரு புரதம். வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும். உறைந்துபோனால் மறுபடி உருகினாலும் உதவாது. குப்பையில்தான் போட வேண்டும். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ரயிலில்? பஸ்ஸில்? ஆய்வகத்துக் குளிருக்காகச் செய்த பாத்திரம் அங்கே கைகொடுத்தது.

இன்றைக்கும் அதே தத்துவம்தான். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில், டியூவர் கேனில்தான் கிராமத்துக்கு வருகின்றன. 2015-ல் ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் எபோலா தடுப்பூசியைச் சோதித்தபோது, அதை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே வைத்திருக்க வேண்டியிருந்தது. கரண்ட் இல்லாத ஊர்களுக்கு அதைக் கொண்டுபோன ஆர்க்டெக் பெட்டியும் டியூவரின் வாரிசுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. ஃபிளாஸ்க் எதையும் குளிரவைக்காது. உள்ளே இருக்கும் வெப்பநிலையைக் காப்பாற்றும், அவ்வளவுதான். சூடான ஃபிளாஸ்க்கில் மருந்தை வைத்தால் சூட்டையும் விசுவாசமாகக் காப்பாற்றும். அதனால் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்து, கொட்டி, துடைத்து, பிறகு இன்சுலினைத் துணியில் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். ஐஸ்கட்டி மருந்தை நேரடியாகத் தொடவே கூடாது. கிராம சுகாதார நர்ஸ் அக்காக்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஐஸ் பேக்கை ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் தடுப்பூசிப் பெட்டியில் திணிக்க மாட்டார்கள். குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்கும் வரை வெளியே வைத்திருப்பார்கள். தடுப்பூசி உறைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பொறுமை.

நம்ம கிளாஸில், நம்ம ஹாஸ்டலில் இன்சுலின் போடும் நண்பர்கள் இருக்கலாம். அடுத்த ஐ.வி. போகும்போது டூர் கோஆர்டினேட்டர்கள் இதையும் லிஸ்டில் சேர்க்கலாமே. மருந்துப் பை டிக்கியிலோ பஸ் கூரையிலோ போகக் கூடாது, வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம். விமானம் என்றால் கையோடு கேபினுக்குள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா பெரும்பாலும் அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். சரியான கணக்கு மருந்தோடு வரும் தாளில் இருக்கும், டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளலாம். தங்கும் லாட்ஜில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு போன். அங்கேயும் ஃபிரீசர் பக்கம் போகாமல் கதவுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். அந்த நண்பர் டூருக்கு வராமல் ரூமிலேயே தங்கிவிடுவதும் பஸ்ஸில் நம்மோடு பாட்டுப் பாடிக்கொண்டு வருவதும் இந்த இரண்டு நிமிஷத்தில்தான் இருக்கிறது.