மாண்டிசோரி அம்மையாரும் நமது தெருப் பிள்ளையும்

நடவுக்குப் போகும் தாய்க்குக் கைக்குழந்தை தடையல்ல. வரப்போரத்து மரத்திலே தூளி கட்டிவிடுவாள். ஓடியாடும் பிள்ளையென்றால் அங்கன்வாடியிலே விட்டுவிட்டு வயலில் இறங்குவாள். ஆனால், நான்கு வயதாகியும் கால் ஊன்றாத பிள்ளை? காது கேளாத பிள்ளை? புத்தி மெல்ல வளரும் பிள்ளை? காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் நமது திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலே, அந்தப் பிள்ளை பாட்டியின் காவலிலே திண்ணையோடு கிடக்கும். பாட்டியும் இல்லாத வீட்டிலே தாயின் கூலியல்லவா போகும்!

அந்தப் பிள்ளைக்கு முதல் உரிமையுள்ள ஒரு பெயரைத்தான் ஊருக்கு ஊர் பலகையிலே எழுதி மாட்டிக் கட்டணம் வாங்குகிறார்கள். மாண்டிசோரி என்றால், சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்காக எந்தச் சீமாட்டியோ கண்ட முறை என்று நம் தோழர்களே நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலி நாட்டுக் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெண்ணுக்கு வைத்தியப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில் படித்து, 1896-ல் ரோமாபுரிப் பல்கலைக் கழகத்திலே டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு மனநோய் மருத்துவப் பகுதியிலே உதவி டாக்டராக வேலை பார்த்தார். அந்நாளில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்துப் பைத்தியக்கார விடுதியிலே பூட்டி வைத்திருந்தார்கள். விளையாட ஒரு பொம்மை கிடையாது. தரையிலே சிந்திய ரொட்டித் துணுக்கைப் பொறுக்கி விரலால் உருட்டிக் கொண்டிருந்தனவாம் அக்குழந்தைகள். பசியல்ல அது, கைக்கு வேலையில்லாத ஏக்கம் என்று கண்டுகொண்டார் அம்மையார். மருந்தைவிட அவர்களுக்குக் கல்வியே தேவை என்று முடிவு செய்தார்.

இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் முன்பே எழுதி, உலகம் மறந்துவிட்ட நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ல் ரோமில் இத்தகைய குழந்தைகளுக்கென்றே தொடங்கிய பள்ளியின் பொறுப்பை ஏற்றார். மரத்தினால் எழுத்துகள் செய்து, விரலால் தடவித் தடவி வடிவத்தை அறியச் செய்தார். (நமது தச்சுத் தோழர்கள் நன்கறிந்த உப்புத்தாளில் பின்னர் அதே எழுத்துகளை வெட்டி ஒட்டினார்.) இனி தேறாது என்று கைகழுவப்பட்ட குழந்தைகளிலே சிலர், மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதப் படிக்கப் பொதுத் தேர்வு எழுதித் தேறினர்! ஊர் வியந்தது. அம்மையாருக்கோ வேறு கவலை. குறையுள்ள பிள்ளையே இவ்வளவு தேறுமானால், குறையில்லாத பிள்ளையைப் பள்ளிகள் எவ்வளவு அமுக்கி வைத்திருக்கின்றன என்று எண்ணினார்.

1907 ஜனவரி 6-ல் ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படியையும் சுவரையும் பாழாக்குகின்றன. பழுது பார்க்கும் செலவைவிட ஓர் அறை கொடுப்பது மலிவு என்று கட்டடக் கம்பெனி கணக்குப் போட்டது. முதலாளியின் கருணை எப்போதும் இப்படித்தான் சுண்ணாம்புக் கணக்கிலே பிறக்கிறது! அங்கே அம்மையார் கொண்டுபோன கருவிகள், குறையுள்ள குழந்தைகளின் கையிலே பழகியவை.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1901-லேயே அந்தப் பழைய பள்ளியை அம்மையார் விட்டுவிட்டார். முறை உலகெங்கும் பரவியது. அதற்குக் காரணமான குழந்தைகள் பின்னே நின்றுவிட்டன.

முதலில் ஆதரித்த முசோலினியின் ஆட்சியிலேயே, 1934-ல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1939 நவம்பரில் சென்னை வந்து, அடையாற்றிலே கீற்றுக் கொட்டகைகளில் சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டார் என்று வெள்ளை அரசு மகனைச் சிறை வைத்தது. அம்மையாரை அடையாற்றைவிட்டு வெளியேற விடவில்லை. பிறகு கோடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். 1952 மே 6-ல் ஹாலந்தில் மறைந்தார்.

இன்று நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சட்டம் வகுத்த அளவுக்குக் குறையுள்ள பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலே இலவசக் கல்வி உரிமை தருகிறது. எந்த வயது முதல்? ஆறு முதல் பதினெட்டு வரை! மாண்டிசோரி அம்மையார் கருவிகளைக் கொண்டுபோய் வைத்ததோ ஆறு வயதுக்குட்பட்டோரின் கையில். 2023 நவம்பரில் டில்லி சர்க்கார், இக்குழந்தைகளை அங்கன்வாடியிலே கண்டறிந்து, மற்றக் குழந்தைகளோடு சேர்த்துக்கொள்ள ஒரு வழிமுறையை வெளியிட்டது. எடை பார்க்கவும், பதிவேடு எழுதவும், பாடம் சொல்லவும் ஒரே ஊழியரை வைத்துக்கொண்டு இதையும் அவர் தலையிலே கட்டினால் அந்த அம்மா என்ன செய்வார்? கூடுதல் ஆளும் பயிற்சியும் கேட்பது நமது வேலை.

சம்பா நடவுக்கு முன்பு, கிளைத் தோழர்கள் தெருத்தெருவாகப் போய், ஆறு வயதுக்குள் வீட்டோடு கிடக்கும் பிள்ளைகளின் கணக்கை எடுங்கள். அங்கன்வாடி வாசலிலே படி மட்டும்தானா, சாய்தளமும் இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதி வாருங்கள்.