மருத்துவப் பேரறிஞர் ஷார்க்கோ

கல்வி பயில்வதற்கேற்ற இடம் யாதென்று எவரேனும் நம்மை வினவினால், நூல் நிலையமென்றும் ஆய்வுக்கூடமென்றும் அறிஞர் அவையென்றும் விடை பகர்வோம். வீடும் உறவுமற்ற ஏழைகளை அடைத்து வைத்த மனையொன்றைக் கலாசாலையெனக் கூற ஒருவரும் துணியார். ஆயினும், அத்தகைய மனையொன்றே நரம்பு நோய் நூலுக்குத் தொட்டிலாயிற்று. அதனை அவ்வாறு ஆக்கிய ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

ஷார்க்கோ 1825-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் வண்டி செய்யும் தொழிலினர். இளமை தொட்டே ஷார்க்கோவுக்கு ஓவியத்தில் விருப்பம் மிகுதி. பேச்சோ மிகக் குறைவு. கண்டதைக் கருத்திற் பதிக்கும் அக்கண்ணே பின்னாளில் அவருக்குச் சிறந்த கருவியாயிற்று. மருத்துவம் பயின்று, மூட்டு நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியுரையால் 1853-இல் பட்டம் பெற்றார்.

1862-இல் அவர் சால்பெத்ரியேர் என்னும் பெருமனைக்கு மருத்துவராக அமர்ந்தார். வெடியுப்புக் கொண்டு வெடிமருந்து செய்த இடமாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. 1656-இல் பதினான்காம் லூயி மன்னன் தெருக்களில் இரந்து திரிந்தோரை ஒருங்கே அடைக்கக் கட்டளையிட்டபோது, பெண்டிர்க்கு அம்மனை ஒதுக்கப்பட்டது. இரவலர், முதியோர், காக்காய் வலிப்புடையோர், அறிவு மயங்கியோர் என ஏறக்குறைய 5,000 பெண்கள் ஷார்க்கோவின் காலத்தில் ஆங்கு வாழ்ந்தனர். அவர்தம் பிணி இன்னதென்று அறிந்தார் இலர். புகழ் விரும்பும் மருத்துவர் அங்குச் சென்றாலும், வேறிடம் வாய்த்ததும் நீங்கிவிடுவர். ஷார்க்கோவோ தம் வாழ்நாளை அங்கேயே கழித்தார்.

வுல்பியான் என்னும் நண்பரோடு கூடம் கூடமாகச் சென்று, ஒவ்வொருவரையும் நோக்கி, நடை, நடுக்கம், பார்வை, பேச்சு ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அவ்வேழைகள் செல்லுதற்கு வேறிடம் இன்மையால் இறுதிவரை அங்கேயே இருந்தனர். ஆதலின் ஒரே நோயின் போக்கைப் பல்லாண்டு காணவும், இறந்தபின் மூளையையும் முதுகுத்தண்டையும் ஆராய்ந்து, உயிரோடிருந்தபோது கண்ட குறிகளோடு ஒப்பிடவும் இயன்றது. ஓய்ந்திருக்கும் கை நடுங்குவதொன்று, ஒன்றை எடுக்க நீட்டுங்கால் நடுங்குவது பிறிதொன்று என அவர் வேறுபாடு கண்டார். முன்னது 1817-இல் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விளக்கிய நடுக்குவாதம். அதற்கு அவர் பெயரையே வழங்கச் செய்தவர் ஷார்க்கோ. பின்னது, மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஆங்காங்கே தழும்பேறும் நோய்; அதனை 1868-இல் தெளிவுற விளக்கினார். தசைகள் மெலிந்து ஒடுங்கும் மற்றொரு கொடு நோய் பிரெஞ்சு நாட்டில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அவரிடம் பயின்ற சிக்மண்ட் பிராய்டு ஒரு செய்தியை எழுதியுள்ளார். நடுக்கத்தால் எவ்வீட்டிலும் வேலை கிடையாத பணிப்பெண் ஒருத்தியை ஷார்க்கோ தம் வீட்டில் அமர்த்திக்கொண்டாராம். அவள் கையில் தட்டுகள் பல உடைந்தும் அவளை நீக்கினாரல்லர். அவள் இறந்தபின் உடலை ஆராய்ந்தே மேற்கூறிய தழும்பு நோயின் உண்மை ஒன்றை நிலைநாட்டினார். இதனை இரக்கமென்பதா, ஆராய்ச்சி வேட்கையென்பதா? இரண்டுமென்றே நாம் கருதுகின்றோம்.

1882-இல் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி அவர்பொருட்டு ஏற்படுத்தப்பட்டது. செவ்வாய்க் கிழமைதோறும் புதிய நோயாளரை மாணவர்முன் அமர்த்தி, வினவி, நோயைத் துணிவார். நடுங்கும் தலைகளில் நீண்ட இறகு சூட்டிய தொப்பிகளை அணிவித்து, நடுக்கத்தின் வேற்றுமையைக் கடைசி இருக்கையினரும் காணச் செய்தார். பியர் மாரி, பாபின்ஸ்கி, ஜில் தெ லா தூரெத் முதலிய பலர் அவர்தம் மாணாக்கர்.

ஆசானின் அறிவு மருத்துவரோடு நின்றுவிடவில்லை. அவர்தம் மாணவராகிய பூர்ன்வில், நோயாளரை இரவும் பகலும் காப்போர் பணியாளரே என்பதை உணர்ந்தார். அப்பணியாளருட் பலர் எழுத்தறியாதவர். 1878-இல் சால்பெத்ரியேரிலும் பிசேத்திரிலும் அவர்க்கெனப் பள்ளிகள் திறந்து, முதற்கண் எழுத்தும், பின்னர் உடற்கூறும், புண் கட்டுதலும், மருந்து தருதலும், தூய்மை முறையும் கற்பித்தார். நோயாளர்க்குப் பணிபுரியப் பணியாளரைப் பயிற்றிய முன்னோருள் அவரும் ஒருவராவார்.

ஷார்க்கோவின் குறையையும் மறைத்தல் தகாது. ஹிஸ்டீரியா என்னும் நோயைப் பற்றி அவர் கொண்ட கொள்கை பிழையாயிற்று. அறிதுயிலூட்டப்பட்ட பெண்கள், பார்ப்போர் எதிர்பார்த்தவாறே நடந்தனரென நான்சி நகரத்து பெர்ன்ஹைம் மறுத்தார். பிற்காலத்தில் பாபின்ஸ்கியே ஆசானின் கொள்கையைக் கைவிட்டார். ஊரார் வேடிக்கை பார்க்க அப்பெண்கள் நிறுத்தப்பட்டதை நாம் பாராட்ட இயலாது. மறுத்துரைக்க வலியற்றவரிடத்து அறிஞர் இருமடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

1893-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள், மோர்வான் மலைப்பகுதியில் பயணஞ் சென்றிருந்த ஷார்க்கோ உயிர் நீத்தார். அவர் பெயர் நூல்களில் நிலைத்தது. அவர்க்குப் பாடமாக இருந்த பெண்களுட் பெரும்பாலோர் பெயர் மறைந்தது. வலிப்பு வந்து தெருவில் வீழ்ந்தவரைக் குடியரென்று ஒதுக்கிச் செல்வார் இன்றும் உளர். அவரருகே நின்று நோக்கி, பிணி இன்னதென்று அறிந்து உதவுவோர் பெருகுவரேல், அதுவே பெயரறியா அப்பெண்களுக்கு நாம் செலுத்தும் கடனாகும்.